வகுப்பில் கேட்ட மன்னிப்பு

பியூலா செய்ததை அவள் கணவன் ஈஸ்வர் ஒரு குற்றமாகவே நினைக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் கூச வைத்தது.

அவன் போடியில் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். அவள் மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை என்பதுதான் ஆய்வு. அவனுடைய பள்ளியிலேயே பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து, பேச்சைப் போனில் பதிவு செய்வாள். அதற்கு முன்னால், "நீ சொல்றது எதுவும் உங்க சாருங்க காதுக்குப் போகாது" என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுப்பாள்.

அதை நம்பித்தான் வித்யா பேசினாள். சனி, ஞாயிறில் அம்மா ஒச்சம்மாளோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிற பிள்ளை அவள். என்ன சோப்புப் போட்டாலும் திங்கட்கிழமை கையில் வாசம் நிற்கும்.

"நோட்டைக் குடுக்கப் போனா, 'என்னாம்மா, வீட்ல பாயசமா?'ம்பாரு ஈஸ்வர் சார். எல்லாரும் சிரிப்பாங்க மிஸ். அதுல இருந்து நான் எந்திரிச்சே போறதில்ல. கணக்குத் தெரிஞ்சாலும் தெரியாதுன்னு உக்காந்துக்குவேன்."

அன்று சாப்பிடும்போது ஈஸ்வர், "அந்த வித்யாவுக்கு மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டான். பியூலாவுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அவனிடம் எதையும் மறைத்துப் பழக்கமுமில்லை. சொல்லிவிட்டாள். அவன் கை சோற்றிலேயே நின்றது, கண் கலங்கியது. இவனைக் கட்டிக்கொள்ள அப்பாவிடம் பட்ட பாடெல்லாம் தகும் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் ஈஸ்வர் வகுப்பு முழுக்கப் பார்க்க வித்யாவை எழுப்பி நிறுத்தினான்.

"மலையில பாடுபட்டு வர்ற கைய நான் கிண்டல் பண்ணிட்டேன். தப்புத்தாம்மா, மன்னிச்சிரு."

அதுவரை அவள் மலைக்குப் போவது பாதிப் பேருக்குத் தெரியாது. மணி அடிப்பதற்குள் அவளுக்கு 'ஏலக்கா' என்று பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது. அத்தோடு அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள்.

"நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?" என்றான் ஈஸ்வர்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. நான் வாயைத் தொறந்திருக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை விடியலில் பியூலா ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். பெண்கள் தூக்குவாளியும் கையுமாக நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"என்னா டீச்சரு, காய் எடுக்க வர்றீகளா? வெரசா ஏறுங்க, மடியில உக்கார வச்சுக்கிறோம்!" என்று ஒருத்தி கத்த, ஜீப்பே சிரித்தது.

ஒச்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்களாச்சும் கேளுங்கம்மா. பள்ளிக்கூடம்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா. அவ அப்பன் வீம்பு அப்படியே இருக்கு" என்று மகளை இறக்கிவிட்டாள்.

வித்யா தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே வந்து நின்றாள்.

"உன் நல்லதுக்குன்னு நெனச்சு..." என்று ஆரம்பித்த பியூலாவுக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. ஈஸ்வர் சொன்னதும் இதுதானே. "இல்ல வித்யா. சொல்ல மாட்டேன்னுட்டுச் சொல்லிட்டேன். தப்பு."

"சார் மேல எனக்குக் கோவமே இல்ல மிஸ். அவரு என்கிட்ட வாக்கா குடுத்தாரு?"

பியூலாவுக்கு முகம் எரிந்தது. பின்னால் ஜீப் ஹாரன் அடித்தது.

"நான் பேசினது இன்னும் போன்ல இருக்கா?"

"இருக்கு."

"அழிங்க. நான் பாக்கணும்."

ஆய்வுக்குக் கிடைத்ததிலேயே மனம் திறந்த பேச்சு அதுதான். வித்யா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பியூலா அதை அழித்தாள். திரை வெறுமையானதும் அந்தப் பெண் மெல்ல மூச்சு விட்டாள்.

"திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை இருக்குல்ல? வர்றேன். சார்கிட்டச் சொல்லிருங்க, யாரு முன்னாடியும் என்கிட்ட எதுவும் கேக்க வேணாம்னு." ஒரு காலை ஜீப்பில் வைத்தவள் திரும்பினாள். "நீங்க எங்க வகுப்புப் பக்கம் வராதீங்க மிஸ்."

"வர மாட்டேன்" என்று சொல்ல பியூலா வாயெடுத்தாள். இந்தப் பிள்ளைக்கு இன்னொரு வாக்குக் கொடுக்க நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.