புது டயர் இரண்டும் முன்னால்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை வாசனை, மண்வாசனை என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, ஒரகடம் கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீர் தேங்கிய வளைவில் நாங்கள் போன காரின் பின்பக்கம் வழுக்கியது. வண்டி அப்படியே சுழன்று, வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரே ஒரு கண்டெய்னர் லாரி. அதன் டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும், எங்களுக்கும் லாரிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் மிச்சமிருந்தது. காரில் ஐந்து பேர். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆறு மணிக்கு பஞ்ச் அடிக்க வேண்டும் என்பதால் அழக்கூட நேரமில்லாமல் காரைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டோம்.

அன்று மதியம் கேண்டீனில் சாம்பார் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதத் தொடங்கினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. பயம் என்று நினைத்தேன். இல்லை, கோபம். யார் மேல் என்பதைத்தான் ஆறு நாளாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஒரகடத்தின் புகைபோக்கிகளுக்கு மேல் கருமேகம் திரண்டு" —

நிறுத்து. எந்தப் புகைபோக்கி? எட்டு வருஷமாக அந்தச் சாலையில் போகிறேன். கண்ணில் படுவதெல்லாம் தகர ஷெட்டும், செக்யூரிட்டி கேட்டும், ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடுகிற சனமும்தான்.

இரண்டாவது:

"டயர் என்பது மனித வாழ்க்கையைப் போல" —

தூ.

மூன்றாவது: "கோதண்டம் நல்ல மனுஷர்." இது இருக்கட்டும். இது உண்மை, எனக்கு எரிச்சலும் இதுதான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இரண்டே பக்கத்தில் திட்டி முடித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

கோதண்டம் என் அக்கா புருஷன், எனக்கு மாமா. டயர் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தார். இதோ நிரந்தரம், அதோ நிரந்தரம் என்று இழுத்தடித்து, கடைசியில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கையில் கிடைத்ததைப் போட்டு ஒரு பழைய கார் வாங்கினார். காலை ஷிப்டுக்குப் பெண்களைக் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும்தான் இப்போது தொழில்.

அந்தப் பெண்களைப் பிடித்துக் கொடுத்தது நான். நான் வேலை பார்க்கிற வயரிங் கம்பெனியில் பஸ் நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான். என்னைப் போன்ற காண்ட்ராக்ட் ஜென்மங்கள் படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வர வேண்டும். "எங்க மாமா கார் இருக்கு, பயமில்லாம வரலாம்" என்று பூமாரியிடமும் மாரிசெல்வியிடமும் சந்தனமாரியிடமும் சொன்னது இந்த வாய்தான். மூன்று பேரும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள், படப்பையில் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள். காரில் அவர்கள் மூவரும் பின்ஸீட்டில். நான் முன்ஸீட்டில், மாமா பக்கத்தில்.

(யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். சும்மா அழகுக்காகச் சொல்லவில்லை.)

3

இது டயர் வாங்கிய கதை. சிரிக்காதீர்கள். காதல், கொலை, சொத்துத் தகராறு என்று எழுதினால் மட்டும் மதிப்பாக உட்கார்ந்து படிக்கிறீர்கள் அல்லவா, இதையும் அப்படியே படியுங்கள்.

ஐப்பசி பிறந்தபோது மாமா காரின் முன்டயர் இரண்டும் சுத்த மொட்டை. பின்டயர் இரண்டும் பாதி மொட்டை. முன்னதில், பட்டன் என்று நாங்கள் சொல்கிற அந்த மேடுபள்ளமே போய்விட்டது. பின்னதில் மிச்சமிருந்த பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசை நிறுத்திப் பார்த்தேன், விழுந்துவிட்டது. மாமா கையில் பன்னிரண்டாயிரம் இருந்தது. அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்று அக்கா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

ஒரு வாரம் செல்போனைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். மழையில் டயருக்கு இருக்கிற வேலை ஒன்றுதான்: தனக்கும் ரோட்டுக்கும் நடுவில் புகுந்த தண்ணீரை வெளியே தள்ளுவது. பள்ளம் ஆழமாக இருந்தால் தள்ளும். இல்லாவிட்டால் வண்டி தண்ணீர்மேல் மிதக்கும், ஓட்டுகிறவர் இன்னும் தான்தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், எந்த வருஷத்தில் எத்தனையாவது வாரம் செய்தது என்று. அதைப் பார்க்காமல் போனால் கோடவுனில் மூன்று வருஷம் காய்ந்ததைத் தள்ளுபடி என்று தலையில் கட்டிவிடுவார்கள். நெடுநாள் உழைக்கும் என்று விற்கிற டயர் பெரும்பாலும் கெட்டி ரப்பர், ஈரத்தில் அதற்குப் பிடிப்பு கொஞ்சம் குறைவு. கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்றுதான் கேட்கிறான். மழையில் பிரேக் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று ஒருத்தன் கேட்பதில்லை.*

* டயர் செய்கிற ஊரில் டயர் மலிவாகக் கிடைக்கும் என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். கிடைக்காது. பக்கத்து ஷெட்டில் சுட்ட டயருக்கும் நாங்கள் கடையில் வந்துதான் பல்லைக் காட்ட வேண்டும்.

4

படப்பையில் நயினார் டயர் கடை. நானும் மாமாவும் போனோம்.

"நாலும் மாத்தணும்னா ரீட்ரேடிங் போட்டுக்குங்க. பட்ஜெட்ல வந்துரும்" என்றார் நயினார்.

பழைய டயரின் மேல் புதுப் பட்டை ஒட்டித் தருவதற்குத்தான் அந்தப் பேர். மாமா முகம் மலர்ந்துவிட்டது. "போடு போடு. நாலும் புச்சு மாரி ஆயிடும்."

"வேணாம் மாமா. ரெண்டே ரெண்டு வாங்கினாலும் நல்லதா வாங்கலாம். மழைல பிடிக்கிற டயரா."

"ரெண்டு வாங்கிகினு மீதி ரெண்டுக்கு இன்னா பண்றது?"

"இருக்கிறதுல பாதி தேஞ்சது ரெண்டு கீதுல்ல, அது ஓடட்டும். பொங்கலுக்குப் பாத்துக்கலாம்."

"நான் டயரு கம்பெனில பதினோரு வருசம் குப்ப கொட்னவன். எனக்கே கிளாஸ் எடுக்கறியா?"

"நீ குப்ப கொட்னது டயர் சுடுற மெஷின்ல மாமா. ரோட்ல இல்ல."

நயினார் சிரித்துவிட்டார். கால் மணி நேரம் இழுத்தது. கடைசியில் மாமா கையை உதறிக்கொண்டு, "சரி வுடு. ரெண்டு நல்லதாவே குடு பா" என்றார். நான் குறித்து வைத்திருந்த டயர்தான் வந்தது. எண்ணைப் பார்த்தேன், செய்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இரண்டும் சேர்த்துப் பத்தரை ஆயிரத்துக்கு முடிந்தது.

"முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார் நயினார்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? முன்னாடிதான். இஞ்சினு முன்னாடி, ஸ்டேரிங்கு முன்னாடி. தேஞ்சி பூட்டதும் முன்னாடிதானே."

இங்கேதான் நான் படித்த முக்கியமான விஷயம் வருகிறது. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போட வேண்டும். பின்னால் இருக்கிற பாதி மொட்டையைக் கழற்றி முன்னால் மாட்ட வேண்டும். முன்டயர் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகிவிடும், ஓட்டுகிறவர் கைக்குத் தெரியும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்கினால் முன்கூட்டி ஒன்றும் தெரியாது. தெரிகிறபோது வண்டி சுற்றிவிட்டிருக்கும்.

"மாமா, பின்னாடிதான் போடணும்" என்றேன். மூன்று தடவை சொன்னேன். கடைசித் தடவை கத்தியே விட்டேன், எதிர்க்கடை டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மாமா காதில் வாங்கவில்லை. "நீ கதை எழுது போ. டயர நான் பாத்துக்கறேன்" என்றார்.

பத்தாம் நாள் அந்த வளைவு. சுழன்று நின்ற காருக்குள் மாமா சொன்ன முதல் வார்த்தை: "எவனோ ரோட்ல டீசல் ஊத்திகினு பூட்டான்."

5

இதுவரைக்கும் எழுதியதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் பெண்களின் அறைக்குப் போனேன். வாசித்துக் காட்டினேன். மாமாவைத் திட்டுவார்கள், நானும் சேர்ந்து திட்டலாம் என்று ஆசை. மாரிசெல்வி காய்ந்த யூனிபாரத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். சந்தனமாரி லாரி வந்த இடத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். பூமாரி மட்டும் சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பின்னாடிதான் போடணும்னு ஒங்களுக்கு அப்பமே தெரியுமா?"

"தெரியும். எழுதியிருக்கேன்ல."

"கடையில சத்தம் போட்டியளாக்கும்?"

"ஆமா."

"அவ்ளோ சத்தம் போட்டவிய எங்ககிட்ட எதுக்குச் சொல்லல? பத்து நாளா பின்னாடி ஒக்காந்து வந்தது நாங்கள்லா?"

நான் தாளை மடித்தேன். நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன் என்றேன். ஏழு மணிகூட ஆகவில்லை.

6

நான்காம் பகுதியில் இருக்கிற அந்தக் கடைசிச் சண்டை பொய்.

நான் கத்தவில்லை. மூன்று தடவை இல்லை, ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. டீ மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீ கதை எழுது போ" என்று மாமா சொல்லவே இல்லை. நீங்கள் அவரை வெறுக்க வேண்டும் என்பதற்காக அதை நான்தான் அவர் வாயில் திணித்தேன். நல்ல வசனமாக வந்திருக்கிறதே என்று சந்தோஷம் வேறு பட்டுக்கொண்டேன்.

நடந்தது இது. "முன்னாடிதான்" என்று சொல்லிவிட்டு மாமா என் பக்கம் திரும்பினார். நான் கேட்ட டயரை வாங்கிக் கொடுத்த பெருமை முகம் முழுக்க இருந்தது. "இன்னா பிரவீனா, இப்ப சந்தோசமா?" என்றார்.

"சந்தோஷம் மாமா" என்றேன்.

ஏன்? இதைத்தான் ஆறு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு வேண்டாம், இரண்டு போதும் என்பதில் ஜெயித்துவிட்டேன். அதே மனுஷரிடம் அதே நாளில் இன்னொன்றிலும் ஜெயிக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு கணக்கு. யாரும் சொல்லித் தரவில்லை, தானாகப் படிந்த கணக்கு. ஓ.டி. பார்க்க முடியாது என்று சூப்பர்வைசரிடம் சொன்ன வாரத்தில் லீவு கேட்கக் கூடாது. லைனில் ஒரு தப்பைக் காட்டிக் கொடுத்த அன்றைக்கு இரண்டாவது தப்பைப் பார்க்காத மாதிரி போக வேண்டும். வீட்டில் ஒன்றுக்கு வாயைத் திறந்தால் அடுத்ததற்கு மூட வேண்டும். எட்டு வருஷத்தில் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறேன், சனியன். அந்தக் கணக்கை மூன்று பெண்கள் தலையில் வைத்துவிட்டு நான் முன்ஸீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டேன்.

மாமா தெரியாமல் தப்பு செய்தார். நான் தெரிந்துகொண்டே செய்தேன்.

7

முடிவுகள். கைவசம் இரண்டு இருந்தன.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமை நான் மாமாவுக்குப் போன் செய்கிறேன். அவர் கடைக்குப் போய் முன்னதைப் பின்னால், பின்னதை முன்னால் மாற்றுகிறார். அரை மணி நேர வேலை, ஜாக்கி வைத்துக் கழற்றி மாட்டினால் —

நிஜமாகவே போன் செய்தேன். அக்கா எடுத்தாள். "செவ்வாக்கெழமலேருந்து ஒங்க மாமா சரியா சாப்புடறதே இல்லடி. நடுவுல நடுவுல ஒக்காந்து கைய பாத்துக்கினு கீறாரு" என்றாள். இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு: லாரி டிரைவர் ஒரு நொடி தாமதமாகப் பிரேக் போடுகிறார். மூன்று வரி எழுதினேன். நான்காவது வரியில் மாரிசெல்வியின் பேரை எழுத வேண்டியிருந்தது. அடித்துவிட்டேன்.

8

இன்றைக்குத் திங்கட்கிழமை. காலை ஐந்து இருபது, நல்ல மழை. படப்பையில் டீக்கடைத் தகரத்தின் கீழ் நாங்கள் நால்வரும் நின்றிருந்தோம். மாமா கார் வந்தது. நான் குடையை மடக்கினேன்.

பூமாரி ஏறவில்லை. நனைந்துகொண்டே காரின் பின்பக்கம் போய்க் குனிந்து, டயரைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு மாமாவின் ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இந்தப் பழச முன்னாடி மாத்திட்டு, புதுச பின்னாடி போடுங்க. அதுவரைக்கும் நாங்க ஏற மாட்டோம்."

"இன்னாம்மா இது, காலங்காத்தால? யார் சொன்னது ஒனக்கு இதெல்லாம்?"

பூமாரி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மாரிசெல்வியும் சந்தனமாரியும் போய் அவள் பக்கத்தில் நின்றார்கள். சந்தனமாரி மட்டும் செல்போனில் மணியைப் பார்த்தாள். ஆறு மணிக்கு மேல் போனால் கேட்டில் விட மாட்டார்கள்.

மாமா இந்தப் பக்கம் சாய்ந்து முன்கதவை எனக்காகத் திறந்துவிட்டார். முகம் வாடியிருந்தது. "நீ சொல்லும்மா பிரவீனா இவங்களுக்கு. நீதானே எல்லாம் படிச்சி பாத்து டயர் எட்த்த. ஒண்ணும் ஆவாது, எல்லாம் சரியா கீதுன்னு சொல்லு. நீ சொன்னா ஏறுவாங்க."

அது உண்மை. நான் சொன்னால் ஏறுவார்கள்.

இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. உங்களிடம் ஒரு தடவை பொய் சொல்லிப் பிடிபட்டவள் நான். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? சொல்லவில்லை என்று எழுதினால் ஐயோ பாவம், எவ்வளவு நேர்மையாக ஒத்துக்கொள்கிறாள் என்று என்மேல் இரக்கப்படுவீர்கள். அதுவும் எனக்கு வேண்டாம். அந்த மழையில் நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், மூன்று பேரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள்.