அவசரக்காரரின் ஆண் பூக்கள்

நாற்றுப்பண்ணைக்காரரின் இடது காதில் முதல் வெள்ளரிப் பூ பூத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு. நல்ல மஞ்சள், ஆண் பூ. ஊரில் அவருக்கு அவசரம் என்று பெயர். தண்ணீர் சூடாவதற்குள் குளித்துவிட்டு, வெந்நீர் சரியில்லை என்று மனைவியைத் திட்டுகிற ஆள்.

விஷயம் இதுதான். வெள்ளரி நாற்று இரண்டு இலை விட்டதும் ஒரு மருந்தைத் தெளித்தால், தனக்கு வயதாகிவிட்டதாகச் செடி நம்பிவிடும். சீக்கிரமே பெண் பூக்களாக விடும். காய்ப்பது பெண் பூதான். ஆனால் ஆண் பூவின் மகரந்தம் படாவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். அதனால் பத்துத் தட்டு நாற்றில் ஒரு தட்டை மருந்து படாமல் விடுவது தொழில் வழக்கம். அவசரம் அதையும் நனைத்தார். மும்மடங்கு மருந்து, கையுறை கிடையாது, அதே கையால் முகத்து வியர்வையும் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணாவது விட்டு வைங்க,” என்றாள் மனைவி.

“அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

நட்ட ஆறாம் நாள், அவரிடம் நாற்று வாங்கிய பதினேழு குடும்பங்களின் வயல்களும் பூத்து மஞ்சளாயின. அவசரம் ஒரு வாரம் மார்பை நிமிர்த்தி நடந்தார். பிறகு பிஞ்சுகள் உதிர ஆரம்பித்தன. அந்த ஒரு போகத்தைத்தான் பதினேழு வீடும் நம்பியிருந்தன. கட்டையோடு வந்தார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உரமூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தவரை மனைவியே இழுத்து வந்து துண்டை உருவினாள். காது, புருவம், மீசை எங்கும் ஆண் பூ.

“முகத்துல மட்டும் அடிக்காதீங்கண்ணே, பூ உதிர்ந்துடும்,” என்றாள்.

மருந்து அவர்மேல் மட்டும் ஏன் தலைகீழாக வேலை செய்தது என்று யாரும் கேட்கவில்லை. அவரிடம் எதுதான் நேராக வேலை செய்தது? பத்து மணிக்குமேல் மகரந்தம் பயன்படாது என்பதால், விடிந்ததும் அவர் முகத்திலிருந்து அதைத் தொட்டெடுத்துப் பெண் பூக்களில் தடவத் தூரிகையோடு வரிசை நின்றது.

“ஆடாம உக்காருங்க அவசரம், எனக்கு இன்னும் நாலு பாத்தி இருக்கு.”

பதினேழு வயலும் காய்த்தன. அவர் ஒருமுறை முகத்தை மழித்துப் பார்த்தார். நுனி கிள்ளிய கொடி சும்மா இருக்குமா, மறுநாள் இரட்டிப்பாகப் பூத்தது. ஏழு வருடமாகிறது. மீசைப் பூவின் மகரந்தம் பட்டால் காய் கொஞ்சம் வளைகிறது என்பதால், காதுப் பக்கம்தான் கூட்டம் அதிகம்.