இந்தப் பணியாளர் இப்போது இல்லை

எங்கள் கல்லூரியில் ஈமெயில் முகவரி என்பது அவரவர் இஷ்டம். விளையாட்டு மாஸ்டர் 'சிங்கம்' என்று வைத்திருந்தார், வாரத்தில் மூன்று நாள் முதுகுவலி என்று லீவு போடுகிற மனுஷன். கணக்குத் துறையில் இரண்டு பேர் ஒரே முகவரியைப் பங்கு போட்டுக்கொண்டு, யாருக்கு வந்ததை யார் படித்தது என்று மாதா மாதம் சண்டை போட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள், வேறு வேலைக்குப் போனவர்கள், செத்தே போனவர்கள் என்று எல்லோருடைய முகவரியும் உயிரோடு இருந்தது. அத்தனைக்கும் காவல்காரன் நான். கம்ப்யூட்டர் பிரிவு பொறுப்பாளர் என்று உத்தியோகத்துக்குப் பெயர். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. எல்லோரும் கூப்பிடுவது 'சிஸ்டம் சார்'.

புது பிரின்சிபால் வந்த மூன்றாவது வாரமே உத்தரவு போட்டார். இனி எல்லோருக்கும் ஒரே அமைப்பில் முகவரி: பெயர், புள்ளி, துறை. பழையதையெல்லாம் பத்து நாளில் மூடிவிட வேண்டும். அவர் கொடுத்த பட்டியலில் நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் நிரந்தரப் பணியாளர்கள்.

"ஒப்பந்த ஆளுங்களுக்கு சார்?" என்று கேட்டேன்.

"அவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க. அவங்களுக்கு எதுக்குய்யா முகவரி?" என்றார்.

இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவர்களில் ஒருவர்தான் எங்கள் லைப்ரரி அக்கா. பதினான்கு வருஷமாகப் போகாமல் இருக்கிறார். உத்தரவு ஒட்டப்பட்ட அன்றே மாடியேறி வந்துவிட்டார்.

"சார், என் முகவரிய மூடப்போறீங்களாமே?"

"பட்டியல்ல இல்லாதத எல்லாம் மூடச் சொல்லிட்டாங்கக்கா. அதுக்கு நான் என்ன பண்றது?"

அவர் வேலை நிரந்தரமாகிற வாய்ப்பு அப்போதுதான் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. பத்து வருஷம் தாண்டிய ஒப்பந்த ஊழியர்களை, எங்களைப் போன்ற கல்லூரிகளை நடத்தும் தலைமை அலுவலகம் நேர்முகத்துக்குக் கூப்பிடப் போகிறது. வயது வரம்பு நாற்பத்தைந்து. அக்காவுக்கு அதைத் தாண்ட நான்கே மாதம். விண்ணப்பத்தில் கல்லூரி முகவரிதான் கொடுக்க வேண்டும், சொந்த முகவரி செல்லாது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அக்காவும் தன் பழைய முகவரியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்; அழைப்பும் அந்த முகவரிக்குத்தான் வரும்.

"ஒரே ஒரு மாசம் விட்டு வைங்க சார். இத விட்டா எனக்கு வேற வழியே கிடையாது."

"மூடினாலும் உங்களுக்கு வர்றது என் மெயில் பெட்டியிலதான்கா வந்து விழும். வந்ததும் நானே ஓடி வந்து சொல்றேன், போதுமா?"

"மறந்துட மாட்டீங்களே?"

"அட, போங்கக்கா! போயி புத்தகத்த அடுக்குங்க."

சிரித்துக்கொண்டே படியிறங்கினார். என்னை நம்பித்தான் போனார்.

மூடின மறுநாளே என் பெட்டியில் இரண்டாயிரம் கடிதம் கொட்டியது. கடன் வேண்டுமா, தலையில் முடி வளர வேண்டுமா, கடல் தாண்டி மாநாட்டுக்கு வருகிறீர்களா என்று ஒரே குப்பை. செத்துப்போன வேதியியல் பேராசிரியருக்கு மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது. இதற்கு நடுவில் பேராசிரியர்கள் வேறு வரிசையில் நின்று, புது பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்று என் பிராணனை வாங்கினார்கள். மூன்றாம் நாள் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மூடிய முகவரிக்கு எது வந்தாலும் தானாக ஒரு பதில் போகும்படியும், வந்தது நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போகும்படியும் செய்தேன். பதிலில் ஒரே வரி: 'இந்தப் பணியாளர் இப்போது இந்நிறுவனத்தில் இல்லை.'

ஓய்வு பெற்றவர்களையும் செத்தவர்களையும் மனதில் வைத்து எழுதின வரி. லைப்ரரி அக்கா அந்த நேரம் என் நினைவில் இல்லவே இல்லை. இப்போது எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாலும் அதுதான் நடந்தது.

அவரோ தினமும் காலையில், நூலகத்தைத் திறப்பதற்கு முன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து கதவோரம் நிற்பார்.

"வந்துச்சா சார்?"

"வரலக்கா. வந்தா சொல்ல மாட்டேனா?"

ஒரு நாள் சந்தேகம் தீரட்டும் என்று பெட்டியைத் திறந்தே காட்டினேன். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. எனக்கு அதில் பெருமை வேறு. அந்த வாரம் பிரின்சிபால் கூட்டம் போட்டு, முகவரியைச் சீர்செய்ததில் நாம்தான் முன்மாதிரி என்று தலைமை அலுவலகமே பாராட்டியதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் அக்காவும் தட்டினார்.

முகவரிகளை மூடின இருபத்திரண்டாம் நாள் தேர்வுப் பட்டியல் வந்தது. அக்கா அறிவிப்புப் பலகையிலிருந்து அந்தத் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். அவர் பெயருக்கு எதிரே, 'பணியில் இல்லை என நிறுவனம் தெரிவித்துள்ளது' என்று இருந்தது.

"நான் எப்ப சார் வேலைய விட்டேன்?"

குப்பைத்தொட்டியைத் தோண்டினேன். அழைப்பு இருந்தது. நேர்முகம் நடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அழைப்பு வந்த அதே நிமிஷத்தில் என் பதிலும் போயிருந்தது.

ஒளிக்காமல் சொன்னேன். அவர் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தினமும் இங்கதானே சார் வந்து நின்னேன்? கண்ணு முன்னால நிக்கிறவள வச்சுக்கிட்டே இல்லன்னு எழுதி அனுப்பியிருக்கீங்களே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவருக்குத் திட்டத் தெரியாது.

பிரின்சிபாலிடம் ஓடினேன். "அவங்க இங்கதான் வேலை பாக்குறாங்கன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். தப்பு என்னுதுதான்னு நானே எழுதித் தரேன்."

"உன் தப்புன்னா அது காலேஜ் தப்புய்யா. இப்பதான் முன்மாதிரின்னு பேர் வாங்கியிருக்கோம். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவை அவங்களுக்கு வயசு தாண்டிடும் சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

நான் அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை. எனக்கே திரும்பி வந்தபோதுதான் அது எவ்வளவு கேவலமான வார்த்தை என்று தெரிந்தது.

என் புத்தம்புது முகவரியிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு நானே எழுதினேன். நிறுவனத் தலைவரின் கையெழுத்து இல்லாத கடிதம் ஏற்கப்படாது என்று பதில் வந்தது. இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் அதே பதில். அவர்களும் தானாகப் போகும் பதில்தான் வைத்திருக்கிறார்கள் போல.

அக்கா காலையில் வருவது நின்றுபோனது. கீழே புத்தக வண்டியின் சக்கரச் சத்தம் மட்டும் கேட்கும். கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மாதக் கடைசியில் ஒரு தடவை வந்தார். ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்கிற படிவம். அதில் என் முத்திரையும் வேண்டும். குத்தப்போனபோது தடுத்தார்.

"ஒரு கட்டம் பாக்கி சார். கல்லூரி ஈமெயில் முகவரின்னு போட்டிருக்கு. காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்களாம். என்ன எழுதட்டும்?"

குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு முகவரிகூட இல்லை.

"இல்லைன்னு எழுதுங்கக்கா" என்றேன்.

புத்தக முதுகில் நம்பர் எழுதுகிற அதே மணிமணியான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதினார். நான் முத்திரை குத்தினேன். தாளை வாங்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி கீழே இறங்கிப் போனார்.