ஆட்சேபம் உண்டா?

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர். அந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறாள். உலக நாடுகள் கூடி நகரங்களுக்கு ஒரு பொது ஒப்பந்தம் எழுதும் சபையில் தன் நாட்டுக்காகப் பேசுவது அவள் வேலை. ஆனால் கடைசி நாளான இன்று மூச்சே விடக் கூடாது என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

சபையின் வழக்கம் அப்படி. தலைவர் ஒவ்வொரு பத்தியாக வாசித்து, "ஆட்சேபம் உண்டா?" என்பார். எல்லோரும் சும்மா இருந்தால் நிறைவேறியது என்று சுத்தியல் தட்டுவார். ஒரே ஒரு நாடு தன் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தாலும் பத்தி அங்கேயே நின்றுவிடும்.

"திட்டங்களுக்காக வீடு இழப்பவர்களுக்குத் தகுந்த இடத்தில் மாற்று வீடு தரப்படும்" என்று வாசித்தார் தலைவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. நேற்றுவரை அது 'அதே பகுதியில்' என்றுதான் இருந்தது. யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

"விடும்மா, எல்லாருக்கும் ஃபிளைட் இருக்கு." மேலதிகாரி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

அந்தப் பிடி அவளுக்குப் பழக்கமானது. சின்ன வயதில் அவர்கள் தெருவை இடிக்க வந்த அதிகாரியும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் அம்மா பொத்திவிட்டாள். தெருவே பயந்துபோய் நின்றது; எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். கிடைத்த 'தகுந்த இடம்' ஊருக்கு வெளியே எங்கோ இருந்தது. அம்மா துணி தைத்த கம்பெனிக்கு மூன்று பஸ் மாற வேண்டும். சீக்கிரமே அந்த வேலை போயிற்று.

கையை உருவிக்கொண்டு பலகையை நிமிர்த்தினாள்.

"தகுந்த இடம்னா யாருக்குத் தகுந்ததுங்க? அங்க நான் வாழ்ந்திருக்கேன். வீடு இருந்துச்சு, பொழப்பு இல்ல. நேத்து இருந்த வார்த்தையைத் திருப்பி வைங்க. அதுவரைக்கும் பலகை இறங்காது."

அரங்கம் முணுமுணுத்தது. எதிர் வரிசையில் ஒரு பலகை நிமிர்ந்தது. அதன் பின்னால் இன்னும் சில. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, 'அதே பகுதியில்' என்று திருத்தி வாசித்தார்.

"ஆட்சேபம் உண்டா?"

ஒருவரும் அசையவில்லை, மேலதிகாரி உட்பட. சுத்தியல் விழுந்தது. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வராந்தாவுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"யாரும் உன் வாயைப் பொத்தலையாடி?"

"பொத்தப் பார்த்தாங்கம்மா. உன் கை மாதிரி கெட்டியான கை இல்ல."

அம்மா சிரித்தாள். சிரிப்பின் நடுவே மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"சரி, முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.