பாதுகாவலர் என்ற கட்டத்தில்

சீப்பும் ரப்பர் பேண்டுமாகப் பெரியம்மா அறைக்குள் வந்தபோது பொடிசுக்குத் தலை பாதி பின்னியாயிற்று. கட்டில் ஓரத்தில் மூக்குக்கண்ணாடிக்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் ஒன்பது வயதுப் பிள்ளை அடக்க ஒடுக்கமாகத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா பின்னினால் நெளிந்து நெளிந்து உயிரை வாங்குகிற அதே பிள்ளைதான்.

"நான் பின்ன மாட்டேனா?"

"நீங்க ராத்திரியெல்லாம் கண்ணே மூடலையேன்னுதான்க்கா."

அவள் எப்போதும் இப்படித்தான், சண்டைக்கு இடமே வைக்காமல் பேசுவாள். பெரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியம்மாவின் தங்கையை, பொடிசின் அம்மாவை, அவள் வீட்டு முன்னறையிலேயே கிடத்தியிருந்தார்கள். எட்டு மாதம் நோயோடு மல்லுக்கட்டி, நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஓய்ந்துபோனாள். அவளை ஆறு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து செய்தவன் வாசலில் நின்று போனில் வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டாவது மனைவிதான் இந்த மூக்குக்கண்ணாடிக்காரி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, அதனால் பெரியம்மா வைத்த பெயர் அது. பிள்ளை வார நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பா வீட்டில் என்று கோர்ட்டில் முடிவாகியிருந்தது. அம்மா வேலைவிட்டு வரும்வரை சாயங்காலமெல்லாம் பெரியம்மா வீடு. பெரியம்மாவுக்கு வேறு பிள்ளை குட்டி கிடையாது.

பொடிசு மூக்குக்கண்ணாடிக்காரியைச் 'சித்தி' என்று கூப்பிடும். அப்பாவின் இரண்டாம் மனைவியை அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான், பெரியம்மாவுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், 'அம்மாவுக்குத் தங்கை இருந்தால்தானே சித்தி? நாங்கள் பிறந்ததே ரெண்டு பேர்' என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் அந்தச் சித்தி தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பாள், ரெண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள், பெரியம்மா உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அதை எப்படிப் பொறுப்பது? கூடப் பிறந்தவள் இவள், ரகசியம் பேச அவளா?

தங்கையின் விவாகரத்து வழக்கை நடத்திய வக்கீலம்மா வந்து, பூ வைத்துவிட்டுக் கிளம்பினாள். பெரியம்மா கையைப் பிடித்து அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒரு கேஸ் போடணும் மேடம். பொடிசு என்கிட்டதான் இருக்கணும்."

வக்கீலம்மா முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கேவா?"

"நாளைக்கு அவங்க கூட்டிட்டுப் போயிடுவாங்களே. சட்டப்படி நான்தானே கார்டியன்? ஸ்கூல் ஃபார்ம்ல அஞ்சு வருஷமா பாதுகாவலர் கட்டத்துல என் கையெழுத்துதான் இருக்கு."

"அது மழை பெஞ்சா யாருக்கு போன் பண்றதுன்னு ஸ்கூலுக்குத் தெரியறதுக்கும்மா. கோர்ட்டுல அது செல்லாது. அம்மா போயிட்டா, அப்பா இருக்கும்போது பிள்ளை அவர்கிட்டதான் போகும்."

பெரியம்மா அந்தப் பள்ளிக்கூட ஆபீசில் பதினாலு வருஷமாக கிளார்க். பிள்ளையைக் கேட்டு வந்த எத்தனை பேரிடம், 'கோர்ட் ஆர்டர் இருக்கா?' என்று அலட்டிக்கொள்ளாமல் கேட்டிருப்பாள். தனக்கே அப்படியொன்று வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"முதல்ல அவங்ககிட்ட பேசுனீங்களா? வாரத்துல ரெண்டு நாள் எங்க வீட்டுக்கு அனுப்புங்கன்னு?"

"அவகிட்டப் போய் நான் கேக்கணுமா?"

"பேசி முடியலைன்னா வக்கீல் வையுங்க. பிள்ளைக்கு ஆபத்துன்னா பேசிட்டே இருக்காதீங்க, அன்னிக்கே வாங்க. வயித்தெரிச்சலுக்கு வக்கீல் வெச்சு என்னம்மா பண்றது?"

சுருக்கென்றது. உண்மையாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது.

"ஆபத்து இருக்கு," என்றாள் பெரியம்மா. "இடது கையில சூட்டுத் தழும்பு இருக்கு, பாருங்க. நாலு வருஷம் முன்னாடி அந்த வீட்டுல பட்டது."

வக்கீலம்மா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

அது பெரியம்மா வீட்டில் பட்டது. ஒரு வெள்ளிக்கிழமைச் சாயங்காலம். இஸ்திரிப் பெட்டியைச் சூட்டோடு மேஜையில் விட்டுவிட்டு போன் எடுக்கப் போனாள், அவ்வளவுதான். மருந்து தடவி, கட்டுப் போட்டு, அன்றைக்கே அப்பா வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பவும் வேண்டியிருந்தது. பிள்ளையை அழைத்துப்போக வந்தவள் மூக்குக்கண்ணாடிக்காரி. வக்கீல் நோட்டீஸ் வரும் வரும் என்று பெரியம்மா ஒரு மாதம் பயந்துகொண்டு கிடந்தாள். வரவில்லை. தங்கையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'பிள்ளை கையைக்கூடப் பார்க்காத ஜென்மங்கள்' என்று அப்பா வீட்டாரை அன்றிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள்.

தண்ணீர் குடிக்கப் பொடிசு உள்ளே வந்தது. வக்கீலம்மா குனிந்து அதன் கையை மெல்லப் பிடித்தாள்.

"இது எப்படிடா பட்டுச்சு?"

தொலைந்தோம் என்று பெரியம்மா நினைத்தாள். பிள்ளை ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தது.

"குக்கர்ல பட்டுச்சு. அப்பா வீட்டுல," என்றது, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

வக்கீலம்மா எழுதிக்கொண்டாள். "சாயங்காலம் போன் பண்றேன். கோர்ட்டுல இது நிக்கும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பொடிசு தம்ளரை வைத்துவிட்டுப் பெரியம்மாவின் பக்கத்தில் வந்து நின்றது. "சரியா சொன்னேனா?"

"உனக்கு யாரு அப்படிச் சொல்லச் சொன்னா?"

"சித்தி. இஸ்திரிப் பெட்டின்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா உங்க வீட்டுக்கு விடவே மாட்டாராம். அதான் குக்கர்னு சொன்னாங்க. அப்பா சித்தியைப் பயங்கரமா திட்டுனாரு. ரெண்டு நாள் பேசவே இல்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவும் சித்தியும்தான் பேசி வெச்சுக்கிட்டாங்க. உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு. கேட்டா நீங்க அழுவீங்களாம்."

பெரியம்மாவுக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாளா என்றுதான் வந்தது. நாலு வருஷமாக அவள் போட்ட பிச்சையில்தான் பிள்ளை தன் வீட்டு வாசலை மிதித்ததா? கேஸ் நிற்கும், அவள் சொல்லிக்கொடுத்த பொய்யை வைத்தே அவளைத் தோற்கடிக்கலாம். குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினாள்.

பிறகு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். வக்கீலம்மா காரைத் திறந்துகொண்டிருந்தாள்.

"குக்கர் இல்ல மேடம். இஸ்திரிப் பெட்டி. என் வீட்டுல. நான் போன் எடுக்கப் போயிருந்தேன்."

வக்கீலம்மா அவளையே பார்த்தாள். நோட்டை எடுத்து ஒரு வரியை அடித்தாள். அவள் தோளைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனாள்.

பதினோரு மணிக்குத் தங்கையைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். பின்னால் வீட்டு ஆட்களுக்கு ஒரு கார். பொடிசு பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக்காரி கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"நீங்க பிள்ளைகூட உக்காருங்கக்கா. நான் அவரோட பைக்ல வந்துடறேன்."

பெரியம்மா பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். திரும்பி வந்து கேக்கறேன்."

அவள் ஏறினாள். பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தது. பெரியம்மா கதவைச் சாத்திவிட்டுச் சுற்றிவந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் என்னவோ கிசுகிசுப்பாகக் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"இன்னும் யாராவது வரணுமாம்மா?" என்றார் டிரைவர்.

"இல்ல. எல்லாரும் ஏறியாச்சு."