ஐந்தாம் எண் ஆகாது

எங்கள் தொழிற்பேட்டைக் கூடைப்பந்துப் போட்டியில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய இலக்கங்கள் ஜெர்சியில் தலைகாட்டக் கூடாது. இது நாங்கள் கட்டிவிட்ட கதை இல்லை. எங்களிடம் இருந்த பழைய விதிப்புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தது. காரணமும் நியாயமானது. யாராவது தப்பாட்டம் ஆடினால் நடுவர் விசில் ஊதி, மேசைக்கு வந்து, ஆடியவரின் எண்ணை ஒரு கை விரலால் காட்டுவார். இருபத்து மூன்று என்றால் முதலில் இரண்டு, பிறகு மூன்று. எட்டைக் காட்டச் சொன்னால் மனுஷன் எங்கே போவான்? செருப்பைத்தான் கழற்ற வேண்டும்.

எங்கள் பேட்டையில் ஐந்தும் கிடையாது. அது புத்தகத்தில் இல்லை. என் தங்கை வீட்டுக்காரரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலை. ஒரு ரீம் காகிதத்தை வெண்ணெய் மாதிரி அறுக்கிற கத்தி அது. அந்தக் கத்தி இத்தனை வருஷத்தில் அவர் நகத்தைக்கூடத் தொட்டதில்லை. வலது கைச் சுண்டுவிரலைக் கொண்டுபோனது ஒரு மடக்கு நாற்காலி. அதுவும் அவருடைய கல்யாணத்தில், சாப்பிட உட்காரும்போது. விரல் போனது தெரியாமல் பரிமாறுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் கேட்டார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பாதி சாப்பாட்டில்தான் தெரிந்தது.

லாரி ஓட்டுகிறவன் வண்டியில் நசுங்கல் இருந்தால் ஊர் என்ன பேசும்? வெட்டுக்காரன் கையில் விரல் குறைந்தாலும் அதே பேச்சுதான். நாற்காலி என்று உண்மையைச் சொன்னால் அதைவிடக் கேவலம். ஆகவே மாப்பிள்ளை கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டார். சுண்டுவிரலுக்குள் பஞ்சு. நான்கு வரைக்கும் சிக்கல் இல்லை. கட்டைவிரலோடு மூன்றை நீட்டினால் போதும், சுண்டுவிரல் மடங்கித்தானே இருக்க வேண்டும். ஐந்து என்றால்தான் பஞ்சு நிமிராது, வாடிய கீரைத்தண்டு மாதிரித் தொங்கும்.

அவர் நடுவரான முதல் வருஷமே கூட்டத்தில் அறிவித்தார். "அஞ்சும் வேண்டாம்."

"ஏன் சார்?" என்றார் பேக்கரி அணிக்காரர்.

"அஞ்சு விரலையும் விரிச்சு உசத்தினா ஆட்டத்தை நிறுத்துன்னு அர்த்தம். குழப்பம் வரும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். காரணம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், நம் ஆட்கள் சரிபார்க்க மாட்டார்கள். நான் மேசையில் புள்ளி எழுதுகிறவன், குடும்பத்து ஆள் வேறு. வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் பெண்கள் பிரிவில் ஆஸ்பத்திரி சலவைக்கூடம் புதிதாக வந்து இறுதியாட்டம் வரைக்கும் ஏறியது. அரையிறுதிவரை அவர்களுடைய இஸ்திரிக்காரி காய்ச்சலில் படுத்திருந்தாள். இறுதியாட்டத்துக்கு எழுந்து வந்தாள், முதுகில் ஐந்தோடு.

மாப்பிள்ளை மறித்தார். சலவைக்கூடத்துத் தலைவி விதிப்புத்தகத்தை நீட்டினாள்.

"எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டுங்க சார், ஜெர்சியை இங்கயே பிரிச்சுத் தைக்கிறோம்."

மாப்பிள்ளை புத்தகத்தைத் திருப்பினார். பின்னட்டை வரைக்கும் திருப்பினார். "சரி, ஆடட்டும்" என்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இஸ்திரிக்காரி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். தனக்கு மட்டும் விசில் கிடையாது. தள்ளிப் பார்த்தாள், இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தாள், இல்லை. எதிரணியான குளிர்கிடங்கில் ஒருத்தி பந்தை அணைத்துக்கொண்டு நின்றாள். இஸ்திரிக்காரி அவளைப் பந்தோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை கூரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவர் சார் கண்ணுக்கும் கையுறை போட்டிருக்காரோ?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் இஸ்திரிக்காரியின் முழங்கை குளிர்கிடங்குத் தலைவியின் மூக்கில் இறங்கியது. ரத்தம். ரத்தத்தைக் கண்டதும் விசில் தானாக ஊதிக்கொண்டது. ஊதிய பிறகு நடுவர் மேசைக்கு வந்தே ஆக வேண்டும். வந்தார். இடது கையில் வழக்கம்போல விசிலைப் பிடித்துக்கொண்டு வலது கையை உயர்த்தினார். நான்கு நிமிர்ந்தது, ஒன்று தொங்கியது.

மேசைக்காரன் தான் கண்டதை எழுதக் கூடாது, நடுவர் காட்டியதைத்தான் எழுத வேண்டும். அது விதி. நான்கு என்று எழுதினேன்.

சலவைக்கூடத்தின் நான்காம் எண், படுக்கை விரிப்பு மடிக்கிற ஒல்லிப் பெண். அணியிலேயே குறி தவறாமல் போடுகிறவள் அவள்தான். ஏற்கெனவே அவள் கணக்கில் நான்கு தப்பு. இது ஐந்தாவது. ஐந்தானால் வெளியே.

"சார், நான் அந்தக் கோடியில லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "எழுதிட்டீங்களா மச்சான்?"

"நீங்க காட்டினதை எழுதிட்டேன்."

"அப்ப அப்படியே இருக்கட்டும்."

அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். லேஸ் இன்னும் அவிழ்ந்தே கிடந்தது.

மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு குளிர்கிடங்குத் தலைவி வந்தாள். "என்னை இடிச்சது அந்தப் பொண்ணு இல்ல சார். இவங்க." எதிரணிக்காரி சாட்சி சொன்னால் அதற்குமேல் என்ன வேண்டும்? போதாதென்று இஸ்திரிக்காரியே கையைத் தூக்கினாள். "நான்தான் சார். ரொம்ப நேரமா நான்தான்."

ஊரே யோக்கியமாக நிற்கும்போது ஒருவன் மட்டும் பொய்யோடு நிற்பது கஷ்டம். மாப்பிள்ளையின் கழுத்து வரைக்கும் சிவப்பு இறங்கிவிட்டது. "மாப்ள" என்றேன். பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறைத்திருந்தால்கூடச் சமாளித்திருப்பார்.

கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். பஞ்சு தரையில் விழுந்தது. கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

"இதுதான் என் அஞ்சு. இவ்வளவுதான் வரும். அஞ்சாம் நம்பர் ஆகாதுன்னு விதி ஒண்ணும் கிடையாது. நான் வெச்சது. அந்தப் பொண்ணு உள்ள வரட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. "மெஷினா சார்?" என்று ஒருவர் இரக்கமாகக் கேட்டார்.

"நாற்காலி" என்றார் மாப்பிள்ளை.

அதற்கும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குத் தேவலாம்.

ஒல்லிப் பெண் வந்து குனிந்து பஞ்சை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு, குத்தலே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சார், அந்தக் கையால காட்டியிருக்கலாமே?"

மாப்பிள்ளை தன் இடது கையைப் பார்த்தார். விலாசம் தவறி வந்த பார்சலைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். விசிலைக் கீழே விட்டார். விரல்களை விரித்தார். ஐந்தும் இருந்தன. இத்தனை வருஷமும் இருந்திருக்கின்றன. விசில் பிடிக்கிற கை என்று ஒதுக்கி வைத்ததோடு சரி, அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை. மறைக்கிற கையைக் காவல் காப்பதற்கே நேரம் சரியாகப் போய்விட்டது.

ஐந்தைக் காட்டினார். நான்கை அடித்துவிட்டு எழுதினேன். அந்த இஸ்திரிக்காரிக்கு அது அன்றைய முதல் தப்பு என்று எழுதும்போது என் பேனாவுக்கே கூச்சமாக இருந்தது.

ஒல்லிப் பெண் உள்ளே போய் இரண்டு கூடை போட்டாள். அப்படியும் குளிர்கிடங்குதான் ஜெயித்தது. இரண்டு அணிக்காரர்களும் அவரிடம் வந்து கைகொடுத்தார்கள். வலது கையைத்தான் கொடுத்தார், கையுறை இல்லாமல்.

வீட்டுக்கு நடக்கும்போது கவனித்தேன். வலது கை வெளியே வீசிக்கொண்டு வந்தது. இடது கை சட்டைப்பைக்குள் இருந்தது.

"அதை எதுக்கு மறைக்கறீங்க மாப்ள? அதுல எல்லாம் இருக்கே."

"அதான் மச்சான்" என்றார், கையை வெளியே எடுக்காமல்.