சகலை வீட்டு ஹால்

மாஸ்டருக்கு அளவு நாடா ஒரு அலங்காரம்தான். கழுத்தில் தொங்கும், அவ்வளவே. தையற்கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து குடையை மூலையில் சாய்ப்பதற்குள் தோள், மார்பு, இடுப்பு, கால் உயரம் நான்கையும் கண்ணாலேயே எடுத்துவிடுவார். ஒரு தடவை எதிரே போன பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து அவருக்கு ஒரு கோட்டே தைத்து வைத்தார். எட்டு மாதம் கழித்து அந்த ஆள் தற்செயலாகக் கடைக்குள் நுழைந்தபோது கோட்டு கச்சிதமாகப் பொருந்தியது. வலது கையில் மட்டும் கால் அங்குலம் இறக்கம். அந்தக் கை அன்றைக்கு உள்பக்கம் கம்பியைப் பிடித்திருந்ததால் கண்ணில் படவில்லை.

அப்பேர்ப்பட்ட கண்ணை ஆறு வருஷமாக ஒரு ஹால் உறுத்திக்கொண்டிருந்தது. சகலை வீட்டு ஹால்.

சகலை என்றால் மாஸ்டருடைய மனைவியின் அக்கா கணவர். பல் டாக்டர். இரண்டு குடும்பமும் ஒரே குடியிருப்பில்தான் வீடு வாங்கியிருந்தன. வாசலில் காவலர் கூண்டு, உள்ளே அளந்து வைத்தாற்போல் பதினெட்டு அடிக்கு ஒரு மரம், எந்தத் தெருவில் திரும்பினாலும் போன தெருவே மறுபடியும் வந்ததுபோல் இருக்கும் இடம். மொத்தம் நூற்றிருபது வீடுகள், மூன்றே வடிவங்கள். அலை, மேகம், வானம் என்று கட்டிய கம்பெனி பெயர் வைத்திருந்தது. அலையில் படிக்கட்டு நேரே ஏறும். மேகத்தில் பாதியில் மடிந்து ஏறும். வானத்தில் வளைந்து வளைந்து, ஏறுகிறவர் எதற்கு ஏறினோம் என்று மறந்துபோகிற வரைக்கும் ஏறும். வாங்குவதற்கு முன்னால் நாலு மாதம் மாஸ்டர் அந்த விளக்கப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மூன்று வடிவங்களையும் ஒப்பிட்டார். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம், கழுவுதொட்டிக்கும் அடுப்புக்கும் எத்தனை எட்டு, எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

வானம் வீட்டுக்காரர்களைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்ததே இல்லை. அவர்களுக்கு ஹால் இரண்டு மாடி உயரம். இருந்துவிட்டுப் போகட்டும், வேற்று மனிதர்கள். ஆனால் சகலை வாங்கியதும் மேகம், இவர் வாங்கியதும் மேகம். இவருடையது பன்னிரண்டாம் எண், அவருடையது முப்பத்தொன்று. புத்தகத்தில் ஒரே பக்கம், ஒரே படம். ஹால் பதினாலுக்குப் பதினெட்டு. பிறகு எப்படி முப்பத்தொன்றில் மட்டும் ஹால் திடல்போல விரிந்து கிடக்கிறது? இவர் வீட்டில் சோபாவிலிருந்து எழுந்தால் முட்டி மேசையில் இடிக்கும். அங்கே சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் நின்று கல்யாணப் பேச்சே பேசி முடிக்கலாம்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்குச் சகலை வீட்டில் தேநீர். ஆறு மணிக்குத் திரும்பி நடக்கும்போது வழக்கு ஆரம்பிக்கும்.

"அவருக்கு மட்டும் கம்பெனிக்காரன் ரெண்டடி சேத்துக் கட்டிக் கொடுத்துட்டான்."

"போன மாசம்தானே எட்டு வெச்சு அளந்தீங்க? பதினெட்டுன்னுதானே வந்துச்சு?" என்பாள் மனைவி. அவள் கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தே கணினித் திரை வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள்.

"வந்துச்சு. ஆனா என் கண்ணு இருபத்திரெண்டுன்னு சொல்லுதே. என் கண்ணு எனக்குப் பொய் சொன்னதில்ல டீச்சர்."

கோபம் வந்தால்தான் அவளை டீச்சர் என்பார். ஆறு வருஷமாக ஞாயிறு மாலைகளில் அவளுக்கு வேறு பெயரே இல்லை.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்கு வரும்போது சகலை ஐந்தடி ஒன்பது. தெருவில் எதிரே வந்தாலும் ஐந்தடி ஒன்பது. ஆனால் தன் ஹாலில், தன் சோபாவுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும்போது மாஸ்டருடைய கண் எடுக்கும் அளவு ஆறடிக்குக் குறையாது. முதலில் காலணி என்று நினைத்தார்; சகலை வீட்டில் போட்டிருந்தது தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. மனைவியின் அக்காவும் அங்கே நின்றால் மூன்று அங்குலம் வளர்ந்திருந்தாள். தன் கண் தவறு செய்யும் என்று மாஸ்டருக்குத் தோன்றவே இல்லை. ஆகவே மிச்சமிருந்த ஒரே முடிவுக்கு வந்தார். அந்த வீடு ஆட்களை வளர்க்கிறது. விசாலமான தொட்டியில் விட்ட மீன் பெருக்கிறதில்லையா, அந்த மாதிரி.

இந்த முடிவுக்கு வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தன் ஹாலை விசாலப்படுத்த ஒரே வழிதான் இருந்தது. ஹாலுக்கு அடுத்தாற்போல் பத்துக்குப் பதினொன்றில் ஓர் அறை. நடுச்சுவரை இடித்தால் ஹால் சகலை வீட்டு ஹாலை விழுங்கிவிடும். அந்த அறையில்தான் டீச்சருடைய மேசை, கணினி, ஒரு வெள்ளைப் பலகை, முப்பத்திரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் திரைக்குள் இருந்தாலும் சத்தம் வெளியே வரும்.

"மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வர்றாரு."

"எதுக்கு?"

"சுவர் இடிக்க."

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நான் எங்க உக்காந்து பாடம் எடுக்கறது?"

"ஹால்லயே ஒரு ஓரமா."

"சரி. முதல் சம்மட்டி விழற அன்னைக்கு என் பெட்டி அக்கா வீட்ல இருக்கும். அங்கதான் எடமிருக்குன்னு நீங்களே ஆறு வருஷமா சொல்றீங்களே. பாடமும் அங்கயே எடுத்துக்கறேன்."

மாஸ்டருக்குப் பகீர் என்றது. பிரிவைப் பற்றி அல்ல, அது அப்புறம். அவள் அவரைவிட ஒரு அங்குலம் குட்டை. முப்பத்தொன்றில் போய் ஒரு மாதம் இருந்தால் இரண்டு அங்குலம் உயர்ந்து திரும்பி வருவாள். பிறகு ஆயுசு முழுக்க அண்ணாந்து பார்த்து டீச்சர் என்று கூப்பிட வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. மேஸ்திரியை நிறுத்தினால் சகலையிடம் தோற்ற மாதிரி. நிறுத்தாவிட்டால் மனைவியும் போய்ச் சகலை பக்கம் சேர்ந்துவிடுவாள். வருவது வரட்டும், சகலையை ஒரு தடவை நாடா வைத்தே அளந்துவிடுவது என்று தீர்மானித்தார். உண்மையிலேயே வளர்ந்திருந்தால் இடிப்பது.

ஞாயிற்றுக்கிழமை துணிப்பொட்டலத்தோடு போனார்.

"சகல, நல்ல கம்பளித் துணி ஒண்ணு வந்திருக்கு. உங்களுக்கு ஒரு கோட்டு சூட்டு தெச்சுத் தரலாம்னு."

பல் டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "ஆறு வருஷத்துல ஒரு கர்ச்சீப்பு தெச்சுத் தந்ததில்ல. என்ன விஷயம் சகல, பல்லு ஏதாவது ஆடுதா?"

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. நிமிந்து நில்லுங்க."

சகோதரிகள் இருவரும் சமையலறையில் இருந்தார்கள். மாஸ்டர் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நாடாவைக் கழுத்திலிருந்து இறக்கினார். உச்சந்தலை முதல் குதிகால் வரை: ஐந்தடி ஒன்பது. மறுபடி அளந்தார். ஐந்தடி ஒன்பது. ஒரு எட்டுப் பின்னால் போய்க் கண்ணால் எடுத்தார். ஆறடி. நாடாதான் தப்பு என்று அதை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். பிறகு, இருப்பது அது ஒன்றுதான் என்று மறுபடி எடுத்தார்.

"உக்காருங்க. இடுப்புலேருந்து இருக்கை வரைக்கும் எடுக்கணும்." கால்சட்டைக்கு அந்த அளவை ஆளை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் எடுப்பார்கள்.

சகலையின் முகம் ஒரு மாதிரி ஆனது. "நின்னுட்டே எடுக்க முடியாதா?"

"நின்னுட்டே போடற கால்சட்டைன்னா நின்னுட்டே எடுக்கலாம்."

வேறு வழியின்றி அவர் உட்கார்ந்தார். மாஸ்டர் மண்டிபோட்டார். உட்கார்ந்தவருடைய முட்டி இடுப்புக்கு மேலே நின்றது. கடையில் ஆயிரம் பேரை நாற்காலியில் உட்காரவைத்து அளந்திருக்கிறார். முட்டி இப்படி எழும்பி அவர் பார்த்ததில்லை. ஆளை விட்டுவிட்டு நாற்காலிக்கு நாடாவைப் பிடித்தார். தரையிலிருந்து இருக்கை வரை பதினைந்தே முக்கால். பதினெட்டு இருக்க வேண்டியது. மேசையை அளந்தார். சோபாவை அளந்தார். எழுந்துபோய், கேட்காமலே, படுக்கையறைக் கட்டிலை அளந்தார். ஐந்தடி ஐந்தரை அங்குலம். எல்லாமே எட்டில் ஒரு பங்கு குறைச்சல். நாற்காலியைக் கவிழ்த்தார். இருக்கைக்கு அடியில் முத்திரை இருந்தது: மாதிரி வீட்டுக்கு மட்டும். கீழே மரவேலைக்காரரின் தொலைபேசி எண்.

முப்பத்தொன்றாம் எண்தான் கம்பெனிக்காரர்கள் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டின மாதிரி வீடு. எல்லா வீடும் விற்றுத் தீர்ந்த பிறகு அதைச் சாமான்களோடு சேர்த்துச் சகலைக்குக் கொடுத்தார்கள். சாமான் சும்மா வந்ததே என்று அதற்கும் மாஸ்டர் தனியாக ஒரு வருஷம் வெந்திருக்கிறார். ஹால் பெரிதாகத் தெரிவதற்காகச் சாமானைச் சிறுசாகச் செய்துவைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"சமையக்கட்டுக் கதவச் சாத்துங்க சகல," என்றார் பல் டாக்டர் மெல்ல.

மாஸ்டர் சாத்தினார்.

"முத வாரமே தெரிஞ்சு போச்சு. கால் வெளிய நீட்டுது. மாத்திடலாம்னு கடைக்குக் கெளம்பிட்டேன். அன்னைக்குத்தான் நீங்க முதமுதல்ல வந்தீங்க. அந்த நெலைப்படியில நின்னு ஹாலப் பாத்தீங்க பாருங்க ஒரு பார்வ..." அவர் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். "நாளெல்லாம் வாயப் பொளந்துட்டுப் படுத்திருக்கறவங்களத்தான் பாக்கறேன். என்னப் பாத்து வாயப் பொளந்தவரு நீங்க ஒருத்தர்தான். அந்த ஒரு ஞாயித்துக்கெழமைக்காக மிச்ச ஆறு நாளும் கால மடக்கிப் படுத்துக்கறேன்."

"ஆறு வருஷமாவா?"

"முதுகுல ஒரு எலும்பு எடம் மாறிடுச்சு. பரவால்ல. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சகல. முக்கியமா என் வீட்டுக்காரிகிட்ட." அவர் கண்ணால் சமையலறையைக் காட்டினார்.

மாஸ்டர் சத்தியம் செய்து கொடுத்தார். ஆறு வருஷமாக வயிற்றில் எரிந்த அடுப்பு அணைந்து, அந்த இடம் குளுகுளுவென்று இருந்தது. திரும்பி நடக்கும்போது வாயே திறக்கவில்லை. மனைவி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் குளிர்ச்சி தங்கள் தெருமுனை வரைக்கும்தான் வந்தது. முனை திரும்பும்போது அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேஸ்திரி சம்மட்டியோடு வந்தார்.

"வேண்டாம் மேஸ்திரி. சுவர் இருக்கட்டும்."

"நேத்து வரைக்கும் குதிச்சீங்களே சார்?"

"சுவர் மேல என்ன தப்பு இருக்கு? பாவம், அது பாட்டுக்கு நிக்குது."

மேஸ்திரி போனதும் கவிழ்த்த நாற்காலிக்கு அடியில் பார்த்த எண்ணை மனத்திலிருந்து எடுத்து மரவேலைக்காரரைக் கூப்பிட்டார். ஹாலுக்கு ஒரு சோபா, மேசை, நாலு நாற்காலி. படுக்கையறைக்கு ஒரு கட்டில்.

"எட்டுல ஒண்ணு குறைச்சுத்தானே?" என்றார் அந்த ஆள்.

"இல்ல. நாலுல ஒண்ணு."

"சார், முக்கால் அளவுல பொம்மைங்கதான் உக்காரும்."

"உக்காரறதுக்கு யாரு கேட்டா?"

மூன்று வாரத்தில் சாமான்கள் வந்து இறங்கின. பழைய சோபா மேஸ்திரி வீட்டுக்குப் போனது. ஹால் அடையாளம் தெரியாமல் அகன்றது. காவலர் கடிதம் கொடுக்க வந்தவர், வானம் வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே போய் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடியில் பார்த்தால் மாஸ்டர் ஆறடி இரண்டு அங்குலம். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேநீர் பன்னிரண்டாம் எண்ணில். சகலை நிலைப்படியில் நின்றார். ஹாலைப் பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்தது. கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது. பிறகு வந்து உட்கார்ந்தார். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. அவருக்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவு சகல?" என்றார், மனைவிமார் காதில் விழாமல்.

"முக்கால்."

சகலை தேநீரைக் குடித்தார். கோப்பையும் முக்கால்தான். முகம் கறுத்துக்கொண்டே போனது. மாஸ்டர் தன் முட்டி தன் தாடையிலேயே இடிக்க, உலகத்திலேயே சந்தோஷமான மனிதராக எதிரே மடங்கி உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போன பிறகு எழுந்திருக்க முடியவில்லை. டீச்சர்தான் இரண்டு கையையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்னுதான் பாத்துட்டு இருந்தேன்," என்றாள்.

"எது?"

"அக்கா வீட்டுச் சாமான் சின்னதுன்னு. முத மாசமே அக்கா சொல்லிட்டா."

"ஆறு வருஷமாத் தெரியுமா? சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

மாஸ்டர் யோசித்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"அதத்தான் பண்ணியிருப்பீங்க," என்றாள். "சம்மட்டி வந்தா அன்னைக்குச் சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தேன். நீங்களே முந்திக்கிட்டீங்க. எனக்கு வகுப்பு இருக்கு."

அறைக்கதவு சாத்திக்கொண்டது. மாஸ்டர் சோபாவில் சாய்ந்து பார்த்தார். தலை பின்னால் தொங்கியது. கட்டிலில் படுத்தார், முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே. இடுப்பில் ஒரு எலும்பு, சகலை சொன்ன அதே எலும்பாகத்தான் இருக்க வேண்டும், கிளம்பலாமா என்று யோசிப்பது தெரிந்தது. கடைசியில் போய் அறைக்கதவைத் தட்டினார்.

"என்ன?"

"கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?"

"பேசக் கூடாது. மூச்சு சத்தம் கூடப் பிள்ளைங்களுக்குக் கேக்கும்."

வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மர நாற்காலி. பதினெட்டு அங்குலம். உட்கார்ந்தார். பாதம் தரையில் படிந்தது, முதுகுக்குச் சாய்மானம் கிடைத்தது. கால் இரண்டையும் முழுசாக நீட்டினார், எதிலும் இடிக்கவில்லை. முக்காலா, எட்டில் ஏழா, எது பெரிது என்று டீச்சர் திரையில் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

மாஸ்டர் அறையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கண்ணாலேயே எடுத்தார். புத்தகத்தில் பத்துக்குப் பதினொன்று. அவர் கண்ணுக்குப் பதினாலுக்குக் குறையவில்லை. இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். அவருக்கு மெல்ல வயிறு எரிய ஆரம்பித்தது.